ஒரு பக்கம் சாயும்போது

மார்ச்சில் நீதிமன்றம் எல்லாவற்றையும் பிரித்தது.
வீடு எனக்கு. படகு எவரிஸ்தோவுக்கு.
தட்டுகளைக்கூட எண்ணினோம்,
ஒற்றையாய் மிஞ்சியதை
எழுத்தர் மேசையிலேயே விட்டு வந்தோம்.
பிரிக்க முடியாதது அந்த வீட்டு வண்டி:
பழைய லாரியின் முதுகில் நாங்களே கட்டிய
இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, தீராத ஒரு சண்டை.

வாங்க வந்தவள் கிளாடிஸ் ரீஸ்,
ட்ரெலேவில் தேனீ வளர்ப்பவள்.
கடலோர வளைவில் ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.
இறங்கி, சாவியை நீட்டி,
"இது வண்டி இல்லை அம்மா,
குடித்துவிட்டு வீடு திரும்புகிற ஆள்" என்றாள்.

பொய்யில்லை.
பாட்டகோனியாவில் காற்று சொல்லிக்கொண்டு வருவதில்லை.
மூன்றாம் எண் சாலையில் எதிரே டேங்கர் கடந்தால்
அலமாரி வாய் பிளந்து அரிசி கொட்டும்.
பதினோரு வருஷம் இடது கையால்
கெட்டிலைப் பிடித்தபடிதான்
நான் இந்த நாட்டைப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சேஸிஸுக்கு ஏற்ற கம்பி எந்தக் கடையிலும் இல்லை.
"செய்துவிடலாம். கணக்கு மட்டும் நீ போடு" என்றான்,
இருபத்தாறு வருஷம் பள்ளியில் கணக்குப் போட்ட என்னிடம்.
எண்ணெய்க் கிணற்றில் ஏறி இறங்கி ஓய்ந்த
பம்புத் தண்டு ஒன்றைத் தோளில் சுமந்து வந்தான்.
இருபத்தைந்து மில்லிமீட்டர்.
"மெலிசு" என்றேன். கேட்கவில்லை.
இரு முனையிலும் கைகளை வைத்து வெல்டிங் அடித்தான்,
அழகான வெல்டிங், மீன் செதில் மாதிரி.

இரண்டாவது வளைவிலேயே துப்பாக்கிச் சத்தம்.
படுத்துப் பார்த்தோம்.
வெல்டிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை.
அதற்கு ஒரு விரல் தள்ளி,
சூடு தின்றுவிட்ட இடத்தில்,
சர்க்கரைப் பொடிபோல் சாம்பல் நிறத்தில் முறிந்திருந்தது.
ஒட்டிய இடம் உடைவதில்லை போல,
ஒட்டுவதற்காகச் சுட்ட இடம்தான்.
இதை இருவரும் நினைத்தோம்.
அவன் காறித் துப்பினான். நான் டார்ச்சை அணைத்தேன்.

மறுபடி.
முப்பத்திரண்டு மில்லிமீட்டர், ஒட்டு கிடையாது, வளைப்பு மட்டும்.
விட்டம் கொஞ்சம் கூடினால் போதும்,
விறைப்பு நான்காம் படியில் ஏறும்:
இரண்டரை மடங்குக்கும் மேல்.
தாளை அவன் பக்கம் தள்ளினேன். கையெழுத்துக் கேட்பதுபோல் இருந்தது.
பிரேக் டிரம் உலையானது,
என் கூந்தல் உலர்த்தி துருத்தியானது.
செர்ரிப் பழச் சிவப்பு வந்ததும்
நீளக் குழாயை மாட்டி இருவரும் தொங்கினோம்.
ஒரு முனை இரண்டு டிகிரி கூடுதலாய்ப் போயிற்று.
விட்டுவிட்டோம்.
இரவெல்லாம் சாம்பலுக்குள் ஆறியது.

கன்வேயர் பட்டையை வெட்டிப் புஷ்ஷுகள் செய்தேன்.
அச்சுக்கடியில் படுத்திருந்த அவனில்
பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பூட்ஸ் பேசியது:
"இரண்டு சக்கரமும் சேர்ந்து பள்ளத்தில் இறங்கினால்
இது கண்டுகொள்ளாது, சும்மா சுழலும்.
ஒன்று மட்டும் தாழ்ந்தால்தான்
முறுக்கிக்கொண்டு மற்றதையும் கூடவே இழுக்கும்."
கொஞ்ச நேரம் காற்று.
"பதினேழாம் நம்பர் ஸ்பானர்" என்றது பூட்ஸ்.
கொடுத்தேன்.

வியாழக்கிழமை, மணிக்கு எண்பது கிலோமீட்டர் காற்றில்,
டேங்கர் கடந்தது.
என் இடது கை தானாகப் பின்னால் நீண்டு
கெட்டிலைத் தேடியது.
கெட்டில் அதன் இடத்தில் நின்றிருந்தது.
கையை என்ன செய்வதென்று தெரியாமல்
மடியில் வைத்துக்கொண்டேன்.
அவன் பார்த்தான். சாலையைப் பார்த்தான்.

கிளாடிஸ் பேரம் பேசவில்லை.
பணத்தை எண்ணிச் சரிபாதியாக்கினோம்;
இந்தத் தடவை ஒற்றை விழவில்லை.
வளைவில் நிமிர்ந்தபடி வண்டி மறைந்தது,
எங்களிடம் ஒருநாளும் அப்படிப் போனதில்லை.

ஊர் திரும்பும் பேருந்தில்
அவன் நான்காம் வரிசை, நான் ஐந்தாம் வரிசை.
கலேத்தா தாண்டியதும் காற்று பக்கவாட்டில் அறைந்தது.
பேருந்து சாய்ந்தது.
முன் இருக்கைக் கம்பியை நான் பிடித்தேன்.
அதே கம்பியை, அந்தப் பக்கத்திலிருந்து,
அவனும்.